என்ன முறை?

இந்தக் காலத்து ஆட்களுக்கு மைக்கைக் கொடுத்தால்தான் நியாயம் வாயில் வருகிறது. என் தம்பி மகன் சேந்தனும் அப்படித்தான். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது பிறப்புரிமை என்று டிவி விவாதத்தில் மேசையைத் தட்டியவன்.

அவனுடைய தாய்மாமன் பூவராகன் செத்துப்போனார். தலை நரைக்கும்வரை அவரோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்திய குழந்தைவேலு, கோடி வேட்டியோடு வந்து நின்றார். இன்ன உறவின் கோடி என்று உரக்கக் கூவித்தான் பிணத்தின்மேல் போர்த்துவது எங்கள் வழக்கம்.

"என்ன முறைன்னு கூவ?" என்றான் கூவுகிறவன்.

"பொண்டாட்டி கோடின்னு கூவுடா!" பங்காளிகள் சிரித்தார்கள்.

குழந்தைவேலு சேந்தனைப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி."

சேந்தன் தரையைப் பார்த்தான். "சிநேகிதர்னு சொல்லிடுங்க."

"சிநேகிதனுக்கு ஏதுய்யா கோடி? ஒரு மாலையப் போட்டுட்டுப் போகச் சொல்லு" என்றார் பங்காளி ஒருவர்.

குழந்தைவேலு வேட்டியை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே வெயிலில் போய் நின்றார்.

நான் செருப்பை மாட்டினேன். சேந்தன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"பெரியப்பா, ஊர் மெதுவாத்தான் மாறும்."

"ஊர் கேட்கத்தான்டா செஞ்சது. பதில் சொன்னது நீ."

அவன் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டே வந்தான். நான் நிற்கவில்லை.