மனுத்தாள்கள்

ஞாயிறு பூசை முடிந்து சனம் கோப்பிக்கு விரைகிறது. புலம்பெயர்ந்த தமிழர் கூடும் வெக்ஸ்போர்ட் தேவாலய வாசலில், கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்யக் கேட்கும் மனுவோடு பங்குச்சபைத் தலைவர் சவிரிமுத்து மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். தாள்கள் காற்றில் படபடக்கின்றன. றெஜினா மட்டும் நின்று, குனிந்து கையெழுத்து வைக்கிறாள். போன வருடம் அவளுடைய மகனை யாரோ சுட்டுக் கொன்றபோது, "கேங் பொடியன்ர செத்தவீட்டுக்கு எங்கட கோயில் ஹோலைக் குடுக்கேலாது" என்று மறுத்தவர் இதே சவிரிமுத்துதான். அவளுடைய நரைத்த வகிட்டில் வெயில் விழுகிறது. "இன்னும் கொஞ்சத் தாள் தாங்கோ அண்ணை. அவனோட திரிஞ்ச பொடியளின்ர வீடுகளுக்குக் கொண்டுபோறன்." சவிரிமுத்து கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கிறார். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறக்கிறார். "பேனை இருக்கோ?" என்றுதான் வருகிறது. "ஓம் அண்ணை, இருக்கு." தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்குகிறாள். அவளுடைய சப்பாத்துகளுக்கு மேலே அவரால் பார்க்க முடியவில்லை.