முதல் வரியில் ஒரு விலாசம்

எண்டர் தட்டினேன். கணினி ஒரே வரியில் பதில் சொன்னது. ஹோம், அதற்குள் ஜெரோஷன், அதற்குள் பைதன்: அப்படி ஓர் இடம் இல்லை.

பக்கத்து நாற்காலியில் ஜெரோஷனின் அப்பா அலோசியஸ் மாமா உட்கார்ந்திருந்தார். நனைந்த கம்பளித் தொப்பியை மடியில் வைத்திருந்தார். அவருக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது. மகன் பேரை மட்டும் எந்த எழுத்தில் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"என்னா டீச்சர், நம்ம ஜெரோஷன் பேரு வருது?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. மிஷின் தேடுது."

அது பொய் இல்லை. உண்மையிலேயே தேடிக்கொண்டுதான் இருந்தது.

மணி இரண்டரை. நாலு மணிக்குள் பதினொரு குடும்பங்களின் மனுக்கள் மின்னஞ்சலில் கொழும்பு விசாரணை அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஹட்டனில் ஒரு கடையில் பழைய எழுத்துருவில் அடித்தவை. கொழும்பில் திறந்தால் தமிழே இல்லையாம், வெறும் கிறுக்கலாம். வாசிக்கிற மாதிரி இன்றைக்கே அனுப்பாவிட்டால் இந்த முறை விசாரணையில் சேராது என்று காலையில் எழுதியிருந்தார்கள்.

பதினொன்றும் காணாமல் போனவர்களைப் பற்றிய மனுக்கள். ஏழாவது ஜெரோஷனுடையது.

அந்தக் கிறுக்கலைத் தமிழாக்கும் கருவியை எழுதியவனும் அவனேதான். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கணினி அறையில் நாங்கள் இரண்டு பேரும் நாலு வருடம் படிப்பித்தோம். முன்பு கருவி இந்தக் கணினியிலேயே இருந்தது. இப்போது இல்லை. அவன் கையெழுத்து போட்ட பழைய சீடி ஒன்றை அலமாரியில் தேடி எடுத்து, மதியம்தான் மறுபடி நிறுவினேன்.

நிறுவும்போது ஒரு குறையும் சொல்லவில்லை. ஓடச் சொன்னால்தான் இந்தப் பதில்.

கருவியைத் திறந்து முதல் வரியைப் பார்த்தேன். தன்னை நடத்த வேண்டிய பைதன் என்கிற மென்பொருள் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு நிரலும் முதல் வரியில் விலாசம் சொல்லும். எல்லோருக்கும் பொதுவான இடத்தைத்தான் எழுத வேண்டும். இந்தச் சோம்பேறி தன் சொந்தக் கோப்புறையையே எழுதி வைத்திருந்தான். ஊரார் எல்லாம் தன் வீட்டுக்கே வந்து போகட்டும் என்கிற புத்தி.

அந்த விலாசத்தை அழித்துவிட்டுப் பொதுவான விலாசத்தைப் போட்டால் தீர்ந்தது. பத்து வினாடி வேலை. பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவன் பேரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. என்னால் அழிக்க முடியவில்லை.

மாமா பேசிக்கொண்டிருந்தார். போன மாதம் வாக்காளர் பட்டியலான இடாப்பை எழுத கிராம சேவகர் லயத்து வீடுகளுக்கு வந்தாராம். ஜெரோஷன் எங்கே என்று கேட்டாராம். கொழும்பில் வேலை என்று மாமா சொல்லி மகன் பேரையும் எழுத வைத்தாராம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பதிவிலிருந்து பேர் வெட்டுவது என்றால் என்ன என்று தெரியும். முதலில் பேர் போகும், பிறகு குடியிருக்கிற காம்பிரா போகும், பிறகு அந்த ஆள் இருந்ததற்கே சாட்சி இல்லை.

நான் முதல் வரியைத் தொடாமல் மூடினேன். அவன் பேரில் ஒரு கோப்புறையை உண்டாக்கினேன். அதற்குள், பொதுவான பைதனுக்குப் போகிற இணைப்பு ஒன்றை வைத்தேன்.

மறுபடி எண்டர்.

ஓடியது. கிறுக்கல்கள் வரிவரியாகத் தமிழாகி இறங்கின. ஏழாவது மனு வந்தது. 'எனது மகன் ஜெரோஷன், வயது இருபத்தாறு, கடந்த கார்த்திகை மாதம் கொழும்பில் அவர் தங்கியிருந்த லொட்ஜின் வாசலில் இனந்தெரியாதோரால் வேனில் ஏற்றப்பட்டார்.' காணாமல் போனவன், தான் காணாமல் போன கதையைத் தானே திருத்தி அடித்துத் தருவதைப் போல இருந்தது.

மூன்றரைக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். மற்றப் பத்து மனுக்களோடும் நல்ல படம் போனது. ஜெரோஷனுக்கு மாமா கொண்டுவந்திருந்தது, சின்ன வயதில் கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படம். வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுதிரியுமாகப் பத்து வயதுப் பையன். இதை வைத்து யார் யாரை அடையாளம் காண்பது?

மாமாவுக்கும் அது தெரிந்திருந்தது.

"படமெல்லாம் இங்கனதான் போட்டு வச்சிருக்கேன்னு சொல்லுவான் டீச்சர். அவன் எடத்துல ஒண்ணாச்சும் கெடக்கும், பாருங்களேன்."

வேறு வழியில்லாமல் கோப்புறையைத் திறந்து காட்டினேன். மேலே அவன் பேர். உள்ளே நான் வைத்த அந்த ஓர் இணைப்பு மட்டும்.

மாமா திரைக்குக் கிட்டே குனிந்தார். உள்ளே இருந்ததை அவர் பார்க்கவில்லை. பேரைத்தான் பார்த்தார்.

"படம் இல்லாட்டி போவுது. நீங்களாச்சும் அவன் பேர வெட்டாம வச்சிருக்கீங்களே, அது போதும்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போனார்.

அந்தப் பேரை நான் எழுதி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

கார்த்திகையில் செய்தி வந்த அன்றைக்கே, அவனைப் பற்றி விசாரிக்க யாராவது இங்கே வருவார்கள் என்று நடுங்கி, ஒரே கட்டளையில் அவன் பேரையும் கோப்புறையையும் அதிலிருந்த நாலு வருடத்துப் படங்களையும் அழித்தவள் நான்தான். நிச்சயம்தானா என்று கணினி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இந்த எட்டு மாதத்தில் அவனைத் தேடி இந்த அறைக்கு வந்தவர் அலோசியஸ் மாமா ஒருவர்தான்.