நாலு மணிக்கு வருகிறவர்

செத்துப்போன ஒருவர் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

சுஜாவுக்கு அப்படித்தான் தோன்றியது. திருச்சியில் அந்தத் தர்ம ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பீரோ உயரத்துக்கு நிற்கும் அந்த மிஷின் வயதில் அவளுக்கு மூத்தது. அட்மிஷன், மருந்துச் சீட்டு, பார்வையாளர் பாஸ் எல்லாம் அதில்தான். நாள் முழுக்க எப்படியோ முக்கி முனகி ஓடும். நாலு அடித்தால் படுத்துவிடும். சரியாக இருபது நிமிடம் கழித்து எழுந்துகொள்ளும்.

"சனிக்கிழமைக்குள்ள சரிபண்ணும்மா. இல்லேன்னா வேற வேலை பார்த்துக்க."

மேனேஜர் விக்டர் சொன்னால் சொன்னதுதான். மிஷின் ஓடும்போது சீட்டைவிட்டு எழுந்தாலே மெமோ கொடுக்கிற மனுஷர். சுஜாவோ இந்த வேலையை நம்பி ஸ்ரீரங்கத்தில் வீடு பிடித்து அம்மாவையும் அழைத்து வந்துவிட்டாள்.

புதன்கிழமை நாலு மணிக்கு மிஷின் படுத்ததும், அதற்குள் யார் யார் பெயரில் வேலை நடக்கிறது என்று தன் திரையில் பார்த்தாள். கவுன்ட்டர்காரர்கள் நாலு பேர். ஐந்தாவதாக இன்னொரு பெயர் இருந்தது. அடைக்கலம்.

கேட்கலாம் என்று போனால் கவுன்ட்டரில் ஈ காக்கை இல்லை. நாலு இருபதுக்கு சீட்டுக்குத் திரும்பிய கவுன்ட்டர்காரி ரஞ்சனியைப் பிடித்தாள்.

"அடைக்கலம்னா யாருங்க?"

ரஞ்சனியின் முகம் மாறியது. "உங்களுக்கு முன்னாடி இருந்தவரு. போன வருஷம் போயிட்டாரு."

"எந்த ஊருக்கு?"

"மேலே. உங்க நாற்காலியிலதான் சாஞ்சாரு."

"அப்ப அவர் பேர்ல உள்ள வர்றது யாரு?"

"அதையெல்லாம் கிளறாதீங்க, சுஜா." ரஞ்சனி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சுஜா அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டூல் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை நாலு மணி. நடையில் இருந்த பிரின்டர், யாரும் சொல்லாமலே கரகரவென்று அடித்தது. சுஜா எட்டிப் பார்த்தாள். நாலைந்து பெயர்கள். முதல் பெயர் காளியாயி, துறையூர். கடைசியில் வெள்ளைச்சாமி, மூன்றாம் வார்டு, பதினாலாம் கட்டில். மிஷினைப் பார்த்துவிட்டு அவள் திரும்பி வருவதற்குள் தாளைக் காணோம்.

மறுநாள் காலையில் அந்தப் பெயரை மிஷினில் தேடினாள். காளியாயி விடியற்காலையில் இறந்திருந்தாள்.

சுஜா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முந்தின நாட்களில் அச்சான பெயர்களையும் தேடி எடுத்தாள். அதில் மூன்று பேர் இப்போது இல்லை. செத்தவர் தினம் வந்து, அடுத்துப் போகவேண்டியவர்களை எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறாரா? அப்படியென்றால் வெள்ளைச்சாமிக்கு என்றைக்கு?

வெள்ளிக்கிழமை நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, சிலுவை போட்டுக்கொண்டு அடைக்கலம் என்ற பெயரையே முடக்கினாள்.

நாலு அடித்தது. மிஷின் ஜம்மென்று ஓடியது. பிரின்டர் மூச்சு விடவில்லை.

"பலே!" என்று விக்டர் நேரிலேயே வந்துவிட்டார். "திங்கட்கிழமை உன் வேலையை பெர்மனென்ட் பண்ணிடறேன்."

கவுன்ட்டரில் நாலு பேரும் சீட்டிலேயே இருந்தார்கள். ரஞ்சனி மட்டும் சுஜாவைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவளுக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளைச்சாமி உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க மூன்றாம் வார்டுக்குப் போனாள்.

இருந்தார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். காலில் பெரிய கட்டோடு வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஏம்மா, நீ ஆபீஸ் பொண்ணுதானே? ரஞ்சனி இன்னிக்கு வரலையா?"

"ரஞ்சனியா? இங்கேயா?"

"தினம் நாலு மணிக்கு வருமே. நமக்குத்தான் பார்க்க நாதியில்லையே, பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டுப் போகும். பார்க்க ஆள் வராத கட்டிலாப் பார்த்து, கையில ஒரு தாளோட ஆபீஸ்காரங்க ஆளுக்கொரு பக்கம் வந்துடுவாங்க. துறையூர் அம்மாவுக்குக் கடைசியாக் கஞ்சி ஊட்டினதும் ரஞ்சனிதான். மிஷின் நின்னாத்தான் மேனேஜர் எழுந்திரிக்க விடுவாராம். ஏன், இன்னிக்கு நிக்கலையா?"

சுஜா மிஷினிடம் ஓடினாள். முடக்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை இப்போதுதான் படித்தாள். தினம் நாலு மணிக்குத் தானாக ஓடும்படி அடைக்கலம் எழுதி வைத்துவிட்டுப் போன வேலை அது.

மூன்று நாளாகப் பார்வையாளர் பாஸ் போடாத கட்டில்களைத் தேடு, அச்சடி. அதற்கு ஒரே நிமிடம்தான். யாரும் எட்டிப் பார்க்காத அந்தக் கட்டில்களில் பாதிப் பேர் கடைசி நாட்களில் இருப்பவர்கள். பட்டியலில் சாவு வந்ததற்குப் பேய் தேவையில்லை.

அதற்குக் கீழே இன்னும் ஒரு கட்டளை. மிச்சம் பத்தொன்பது நிமிடமும் மற்ற எல்லோருடைய வேலையையும் நிறுத்திவிட்டு, சும்மா ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிரு.

சுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரைத் திறந்துவிட்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மிஷின் படுத்தது. விக்டர் ஓடி வந்தார்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு! என்னதான் கோளாறு?"

"கண்டுபிடிக்க முடியலைங்க சார்."

"அப்ப திங்கட்கிழமை நீ வரவேண்டாம்."

"சரிங்க சார். மிஷின் எழுந்திரிக்க இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் நான் மூணாம் வார்டுல இருக்கேன்."