பெரிய ஃப்ளாஸ்க்

என் மனைவி எப்சி அறிவியல் புனைகதைகள் எழுதுவாள். அவளுடைய கடைசிக் கதை, இன்னும் நூறு வருடம் கழித்து எங்கள் சிட்லபாக்கத்தில் நடக்கிறது. இறந்தவர்களோடு ஒரே ஒருமுறை பேச ஒரு கருவி வந்துவிடுகிறது. ஒருவன் வரிசையில் நின்று மனைவியை அழைக்கிறான். பீரோ சாவி எங்கே என்று கேட்கிறான். அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

"அவ்ளோ பெரிய மெஷின்ல போய் சாவியையா கேப்பான்? யாரு நம்புவா?" என்றேன்.

"மெஷின்தான் ஜோ புதுசு. புருஷன் அதே புருஷன்தான்."

எப்சி இறந்து ஒரு வருடம் ஆகிறது. நாளை வீட்டில் நினைவு ஜெபம். சபையிலிருந்து வருகிறவர்களுக்கு டீ கொடுக்க, இன்று மாலை பெரிய ஃப்ளாஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. திரையில் எப்சியின் பெயர் இருந்தது. அந்த எண்ணை நானே போய் ரத்து செய்திருந்தேன்.

"ஜோ," என்றாள். அவள் குரல்தான்.

"எப்சி, பெரிய ஃப்ளாஸ்க்க எங்க வச்ச?"

அவள் மெல்லச் சிரித்தாள்.

"லாஃப்ட்ல. கிறிஸ்மஸ் ஸ்டார் பெட்டிக்குப் பின்னாடி."

அழைப்பு துண்டானது. ஃப்ளாஸ்க் அங்கேதான் இருந்தது. எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்தேன். பிறகுதான் அந்த எண்ணுக்குத் திரும்ப அடித்தேன்.