இடதும் வலதும்

அந்தக் கம்பெனி இடதுகால் செருப்பை ஓர் ஊரிலும் வலதுகால் செருப்பை இன்னோர் ஊரிலும் செய்துவந்தது. இரண்டிலும் பாதி இயந்திரங்கள் சும்மா கிடந்ததால், நஷ்டத்தைக் குறைக்க இடதுகால் ஆலையை மூடி, அந்த வேலையையும் அங்கிருந்த பெண்களையும் வலதுகால் ஆலைக்கு அனுப்பினார்கள். பழுதென்று ஆலையில் கழித்துப்போட்ட செருப்புகள்தான் அந்தப் பெண்கள் எல்லோர் காலிலும். வந்தவர்களுக்கு இரண்டும் இடது. இருந்தவர்களுக்கு இரண்டும் வலது.

“நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்துட்டாளுவ,” என்றாள் பழைய ஆளான சொர்ணக்கிளி. அன்று முழுக்க வந்தவர்களோடு யாரும் பேசவில்லை.

சாயங்காலம் வாசலில் கழற்றிவிட்டிருந்த அவளுடைய செருப்பில் ஒன்றைக் காணோம். அந்த இடத்தில் ஓர் இடது கிடந்தது.

“எவடி எடுத்தது?”

புதிதாக வந்த ஜெனோவா காலைத் தூக்கிக் காட்டினாள். “நாந்தான்க்கா. போட்டுத்தான் பாருங்களேன்.”

சொர்ணக்கிளி முறைத்துக்கொண்டே போட்டாள். நாலடி நடந்தாள். திரும்பிப் பார்த்தாள். “வா.”

பேருந்து நிறுத்தம் வந்தது. இருவரும் அதைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள்.