பரராசசிங்கத்தின் பேழைகள்

பரராசசிங்கம் வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு ஜெயச்சந்திரனுக்கும் ஒரு சோடியை நீட்டினார்.

பிளாஸ்டிக்குக்குள் வைத்து ஒட்டிவிட்ட டோக்கனைத் தொடக் கையுறை எதற்கு என்று கேட்க, மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த மனிதருக்குத் துணிவு வரவில்லை. மாட்டிக்கொண்டார்.

"உள்ளுக்க இருக்கிறது முக்கியமில்லை. பேழைதான் முக்கியம்" என்றார் பரராசசிங்கம்.

மேசை நிறையப் பேழைகள். டிராம் டோக்கன், பீர்க்கடை டோக்கன், கார் கழுவுகிற டோக்கன். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நிறுவனம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்து, தலைமாட்டில் ஒரு சீட்டும் பதித்திருந்தது. அடைத்த கையோடு தானும் இழுத்து மூடிக்கொண்டது. ஒரு நிறுவனம் ஒரு கோடைகாலம் மட்டுமே உயிரோடிருந்ததாம். அதைச் சொல்லும்போது பரராசசிங்கத்தின் குரல் தழுதழுத்தது.

ஜெயச்சந்திரன் ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய ஆள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"ஃபென்டாஸ்டிக் சார். ஆனா கம்பெனியே மூடிட்டான்னா வேல்யூ போயிடாதா?"

"மூடினதாலதான் பெறுமதி. நிண்டுபிடிச்ச கொம்பனியை ஆர் தேடப்போயினம்?"

சோபாவின் நுனியில் இருந்த ஜெயச்சந்திரனின் மனைவி சாந்தா, கணவர் தலையாட்டிய இடத்திலெல்லாம் தானும் தலையாட்டினார். இதில் எதிலும் அக்கறையில்லாத இரண்டு பேர், மாப்பிள்ளை நிஷாந்தனும் பெண் தீப்தியும், காரை நிறுத்த இடம் தேடி வுப்பர்டால் நகரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயச்சந்திரனின் கையுறை விரல் கடைசி வரிசையில் ஒன்றைத் தொட்டது. மங்கிப்போன அலுமினிய வட்டம். மேலே ஒரு துளை. 'உருக்காலை உணவகம், பொறியாளர் பிரிவு, 1986. தரம் 66' என்றது சீட்டு.

"இது?"

"என்ர முதல் வேலைத்தலம். கடிதம் போட்டுக் கூப்பிட்டு எடுப்பிச்சவங்கள்."

கூப்பிட்ட கடிதமும் இல்லை, உருக்காலையும் இல்லை. அவரை எடுப்பித்தவன் ஓர் ஏஜென்சிக்காரன், கிழக்கு பெர்லின் வழியாக. அந்த டோக்கன் அகதிகள் விடுதியில் மத்தியான சூப்புக்கு வரிசையில் நிற்பவர்கள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தது.

பெயருள்ள இரண்டு நிறுவனங்கள், 'அகதிகள் விடுதி, சூப்பு டோக்கன்' என்றுதான் அச்சடிப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டன. அனுப்பியவர் சொன்னதை அச்சொட்டாக அச்சடித்துக் கொடுக்கிற மூன்றாவது ஒன்று அகப்பட்டது. 'பொறியாளர் பிரிவு' அவரே கேட்டுப் போட்டுக்கொண்டது. அந்த நிறுவனம் நாலு மாதத்தில் மூடிக்கொண்டது. அப்படிப்பட்ட தொழிலுக்கு நாலு மாதம் நீண்ட ஆயுள்தான்.

பொய் தனியாக இருந்தால் திருதிருவென்று முழிக்கும். அதற்குத் துணையாகத்தான் மற்றப் பேழைகள் அத்தனையும் வீட்டுக்கு வந்தன.

ஜெயச்சந்திரன் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்பதான் சார் நிம்மதி. ஸ்ரீலங்கான்னதும், அகதியா வந்த குடும்பமா இருக்குமோன்னு இவளுக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. அப்படி இருந்தா பேச்சை இத்தோட விட்டுடலாம்னு இருந்தா."

தூங்காதது யார் என்பது சாந்தாவின் முகத்தில் எழுதியிருந்தது.

"அவையள் வேற ஆக்கள்" என்று பரராசசிங்கம் சிரித்தார். "நாங்களே அவையளோட கனக்கப் புழங்கிறேல்லை."

அப்போதுதான் பாலாம்பிகை தேநீர்த் தட்டோடு வந்தாள். "இஞ்சாரும், நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. சிரிச்சாக் காணும்" என்று மனைவிக்குக் காலையிலேயே அவர் சொல்லி வைத்திருந்தார். அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

தட்டை வைக்க மேசையில் இடமில்லை. கடைசி வரிசையை ஒதுக்கப்போன கை அந்தப் பேழையில் நின்றது. அவர் எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் அலுமாரிக்குள் என்னதான் இருக்கிறது என்று இன்றுதான் அவள் பார்க்கிறாள். எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சீட்டை வாசித்தாள். பிறகு டோக்கனைப் பார்த்தாள். சீட்டைவிட டோக்கனைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"அதை வையுமப்பா" என்றார் பரராசசிங்கம். கையுறைக்குள் விரல்கள் ஈரமாகியிருந்தன.

"சம்பந்தியம்மா, நீங்களும் அதே ஃபேக்டரிதானா?" என்று கேட்டார் ஜெயச்சந்திரன்.

சம்பந்தியம்மா. வாய் தவறி வந்துவிடுகிற சொல் இல்லை அது. பரராசசிங்கம் மனைவியின் வாயையே பார்த்தார். மாடிப்படியில் பிள்ளைகள் இரண்டு பேரும் எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஏறி வருவது கேட்டது.

பாலாம்பிகை அந்தச் சத்தம் வாசலுக்கு வரும்வரை பேழையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஓம்" என்றாள். "நானும் அங்கைதான் சாப்பிட்டனான்."

பேழையை அதன் வரிசையில் நேராக வைத்தாள். ஜெயச்சந்திரனுக்குத் தேநீரை எடுத்து நீட்டினாள்.

பரராசசிங்கம் தன்னுடைய டோக்கனை விடுதியை விட்டு வெளியேறிய அன்றைக்கே ஆற்றில் எறிந்துவிட்டிருந்தார். இது பாலாம்பிகையுடையது. நகைப்பெட்டியில் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் நடுவில் பஞ்சு சுற்றி வைத்திருந்தது. போன வருடம் காணாமல் போனபோது வீட்டையே தலைகீழாகப் புரட்டித் தேடினாள்.

கட்டிலுக்கடியில் அவள் தேடும்போது, முழந்தாளிட்டு டோர்ச் பிடித்துக் கொடுத்தவர் பரராசசிங்கம்தான்.