எதிர்வீட்டு ஏசி

எதிர் பிளாட்டின் பால்கனிச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி ஏறிய பதினோராம் நாள், பரிமளா வீட்டுச் சுவரிலும் அதே கம்பெனிப் பெட்டி ஏறியது. கரண்ட் பில் வந்ததும் அவள் ஒரு பாக்கெட் பாலை நிறுத்தினாளே தவிர ஏசியை நிறுத்தவில்லை. எதிர்வீட்டு இந்திராணி துணி காயப்போட வரும் நேரத்தில் தன் வீட்டுப் பெட்டியின் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

"உங்களுது நல்லாக் குளிருதா?" என்று ஒரு நாள் இந்திராணியே கேட்டாள்.

"போர்வை பத்த மாட்டேங்குது. உங்களுது?"

"எங்களுதும் அப்படித்தான்."

மறுநாள்தான் பரிமளா அதைக் கவனித்தாள். எதிர்வீட்டுப் பெட்டியின் முன்கம்பிகளில் ஒன்று வளைந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு சிட்டுக்குருவி துரும்போடு நுழைந்து, வெறும் அலகோடு வெளியே வந்தது. உள்ளே, காற்றாடியின் இறக்கைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு. அந்தக் காற்றாடி சுற்றி வெகுநாளாகியிருக்க வேண்டும். சுற்றியதே இல்லையோ என்னவோ. அடுப்பில் சாதம் குழைந்துபோகும்வரை பார்த்துக்கொண்டே நின்றவள், உள்ளே போய் ஏசியை அணைத்தாள்.

"அப்ப நாளையிலேருந்து அந்தப் பாலை வாங்கிடலாம்ல?" என்றான் அவள் கணவன் சந்தானம்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், பரிமளா பால்கனிக் கம்பியில் சாய்ந்து, தங்கள் பெட்டியின் முன்கம்பியைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தாள். பெட்டியின் மேல் ஒரு பிடி நொய்யரிசி இறைந்து கிடந்தது.

"புதுசுடி. அதைப் போய் ஏன் வளைக்கிற?"

அவள் திரும்பவில்லை.

"அங்க குஞ்சு பொரிச்சிருச்சு" என்றாள்.